எட்வின் பெற்ற கடைசி விருது

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியில், நான் இருந்த அதே பிரிவில் இப்போது அவள் வேலை பார்க்கிறாள். ஸ்ட்ரோக் வந்து பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிரிவு அது. அவளிடம் புதிதாக வந்திருப்பவர் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர். பேத்தியின் கல்யாணத்தில் அவர் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று குடும்பம் ஆசைப்படுகிறது.

"ஆன்ட்டி, அவரோட பழைய சர்மன் ரெக்கார்டிங் எல்லாம் இருக்காம். அத வச்சு அவர் வாய்ஸையே க்ளோன் பண்ணி ப்ளே பண்ணிடலாம்ங்கறாங்க. அவர் மைக் முன்னாடி சும்மா நின்னா போதுமாம். நான் என்ன சொல்றது?"

"அவர்ட்ட கேட்டியா?"

"ஃபேமிலி கேட்டிருப்பாங்க ஆன்ட்டி."

"நீ கேளு. அவருக்கு என்ன சொல்லணும்னு இருக்குன்னு மொதல்ல கண்டுபிடி. ஆப் எங்கயும் ஓடிப் போயிடாது."

"இந்த மாதிரி கேஸ் நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன், ஒரு ஆங்கிலேய நடிகரை. போனில் அவளுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. விரிவாக எழுத அந்த நடிகரின் மகளிடம் அனுமதி கேட்டேன்; பெயர்களை மாற்றிவிட்டு எழுதுங்கள் என்றார். ஆகவே அவரை இங்கே எட்வின் என்று அழைக்கிறேன், மகளை கிளேர் என்று. அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளி, சென்னையில் பட்டப்படிப்பு, பிறகு கல்யாணம், அமெரிக்காவில், நியூஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மென்ட். ஊரில் படித்தது இங்கே செல்லாது என்றதால் மறுபடியும் மாஸ்டர்ஸ். இங்கே வந்த பலருக்கும் இதுதான் கதை. என் வேலையில் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. நேர்முகத் தேர்வுகளில் எல்லாரும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்த உச்சரிப்பை வைத்துக்கொண்டு அமெரிக்கர்களுக்கு எப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பாய்? ரூத் மட்டும் அதை நேராகவே பேசினார். "உன் உச்சரிப்பைப் புரிந்துகொள்ள நோயாளிகள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கும். கேட்கட்டும். அவர்களுக்கு அது நல்லது" என்று சொல்லி வேலை கொடுத்தார். பிரிவின் தலைவர் அவர்தான்.

ரூத் ஒல்லியானவர், உயரமானவர். கோட்டு சூட்டுக்கு ஓட்டப்பந்தய ஷூ போட்டுக்கொண்டு வருவார். டாக்டரிடமும், தரை துடைப்பவரிடமும், நோயாளியிடமும் ஒரே வெடுக்கென்ற குரல். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றியே புலம்புவார். நோயாளி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அமெரிக்காவில் எல்லாரும் "குட் ஜாப்" என்பார்கள். ரூத்தின் அறையில் அதற்குத் தடை. "அது பந்தைக் கவ்விக்கொண்டு வரும் நாய்க்குச் சொல்வது" என்பார். நோயாளி சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "கேட்டது." நோயாளி ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது ரூத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். வாயை அடக்கினாலும் கை உதவிக்குப் போய்விடும் என்பது காரணம். ஒரு லாரி டிரைவர் தன் மனைவியின் பெயருக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் எடுத்துக் கொடுத்துவிட்டான். ரூத் எழுந்து கதவைத் திறந்து அவனை வெளியே உட்காரச் சொன்னார். "அந்தப் பெயர் உன் அப்பாவிடம் இருக்கிறது. அவரே தரட்டும்."

எட்வின் வந்தபோது நான் அந்தப் பிரிவில் மூத்தவளாகியிருந்தேன்; ரூத் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார்.

எட்வினின் முகம் எனக்குத் தெரியும். என் கணவர் ஜெபராஜுக்கும் தெரியும். பழைய ஆங்கிலப் படங்களில் நீதிபதியாகவும் பிஷப்பாகவும் வில்லனின் அப்பாவாகவும் வருபவர். அதற்கு முன்பே லண்டன் நாடக மேடையில் பெரிய பெயர். மனைவி இறந்த பிறகு, நியூஜெர்சியில் ஹைஸ்கூல் கணக்கு டீச்சராக இருந்த மகளோடு வந்து தங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் ரேஸரைக் கீழே போட்டார். இடது மூளையில் ஸ்ட்ரோக். வலது கை தொங்கிவிட்டது. பேச்சு போய்விட்டது.

பேச்சுதான் போனது, புத்தி அப்படியே இருந்தது. நாம் சொல்வது அவருக்கு ஏறக்குறைய எல்லாமே புரியும். என்ன சொல்லவேண்டும் என்பதும் தெரியும். சொல் மட்டும் வராது. இதற்கு அஃபேசியா என்று பெயர். முதல் நாள் நான் படங்களைக் காட்டினேன். கோப்பை, சீப்பு, சாவி. ஒன்றுக்கும் பெயர் சொல்ல முடியவில்லை. சீப்பைத் தலையில் வைத்துக் காட்டினார். பெயர் கேட்டால் "அது... அது..." என்று நின்றுவிட்டார்.

பரிசோதனையில் அடுத்த படி, மனப்பாடமாக இருப்பதைக் கேட்பது. வாரத்தின் நாட்களைச் சொல்லச் சொன்னேன். திங்களை எடுத்துக் கொடுத்ததும் ஞாயிறு வரை ஓடிவிட்டது. பிறந்தநாள் பாட்டு முழுசாக வந்தது. பழகிப் பழகித் தானாக ஓடும் பேச்சு வேறு, யோசித்துச் சொல்லும் பேச்சு வேறு. மூளையில் இரண்டுக்கும் வேறு வேறு பாதை. அப்போது பக்கத்தில் இருந்த கிளேர், எட்வின் பல வருடம் நடித்த ஒரு பழைய நாடகத்தின் வரியை மெதுவாகச் சொன்னார். நாட்டை இழந்த அரசன் ஒருவன் கோட்டை வாசலில் நின்று பேசும் நீண்ட பேச்சு. எட்வின் அதைப் பிடித்துக்கொண்டார். படுக்கையில் சாய்ந்திருந்தவரின் குரல் அறையை நிரப்பியது. ஒரு சொல் தவறவில்லை. வராந்தாவில் நடைப்பயிற்சியில் இருந்த நோயாளிகள் நின்றார்கள். முடிந்ததும் நர்ஸ்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள்.

எட்வின் கைதட்டியவர்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். அதுவும் தெளிவாக வந்தது. திட்டும் தானாக ஓடும் பேச்சுதான். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் இடது கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

அவர் வீடு திரும்பிய பிறகு நான் அங்கே போய்ப் பயிற்சி கொடுத்தேன். லண்டன் வீட்டை விற்றபோது வந்த அவருடைய விருதுகளை கிளேர் வரவேற்பறையில் ஒரு பெரிய அலமாரி முழுக்க அடுக்கியிருந்தார். அரசி தன் கையால் சட்டையில் குத்திய பதக்கம். லண்டன் நாடக உலகம் இரண்டு முறை கொடுத்த வெண்கலச் சிலை. டிவி தொடருக்குக் கிடைத்த கண்ணாடிக் கோபுரம். ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டம், அதற்கான வெல்வெட் தொப்பியோடு. வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே பயிற்சி கொடுப்பது எங்கள் வழக்கம். ஆகவே விருதுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்து, இது எங்கே, எதற்கு, யார் கொடுத்தது என்று கேட்டேன்.

ஒன்றுக்கும் சொல் வரவில்லை, ஆனால் பதில் வந்தது. பதக்கத்துக்கு முதுகை நிமிர்த்தி, உதட்டைக் குவித்து, அரசி குள்ளமாக இருந்ததால் தான் குனியவேண்டி வந்ததை அப்படியே செய்து காட்டினார். கண்ணாடிக் கோபுரத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டார். அந்த வேஷம் அவ்வளவு மோசம் என்று அர்த்தம். டாக்டர் தொப்பியை எடுத்து எனக்கு வைத்துவிட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

"இத்தனை மேடையில் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சுவரில் இருந்த மனைவியின் படத்தைக் காட்டினார். பிறகு இடது கையால் எழுதுவதுபோலக் காட்டினார். எனக்குப் புரிய நேரமாயிற்று. எல்லா நன்றியுரைகளையும் எழுதிக் கொடுத்தது மனைவி. அவர் மனப்பாடம் செய்து நடித்திருக்கிறார். "உண்மையா?" என்று கிளேரிடம் கேட்டேன். "அம்மா எங்கே நிறுத்தி மூச்சு விடவேண்டும் என்று கூடக் குறித்துக் கொடுப்பாள்" என்றார் கிளேர்.

இந்தச் சமயத்தில்தான் நியூயார்க்கில் இருந்து செய்தி வந்தது. அங்குள்ள நாடக அமைப்பு ஒன்று எட்வினுக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுக்க முடிவு செய்திருந்தது. நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரோக் வந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. அவர் ஓய்வில் இருக்கிறார் என்றுதான் குடும்பமும் அவருடைய ஏஜென்ட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

கிளேரின் யோசனை எளிமையானது. அப்பா மேடைக்குப் போவார், நன்றிக்குப் பதிலாக அந்த அரசனின் பேச்சைப் பேசுவார், இறங்கி வந்துவிடுவார். யாருக்கும் சந்தேகம் வராது. ஏஜென்ட்டுக்கும் அது பிடித்திருந்தது. அதைக் கேட்டால் புதிய வேஷங்கள் வரும் என்றார். ரூத்திடம் சொன்னேன். ரூத்தும் சரி என்றார்.

"அவரால் நிச்சயமாக முடிந்த காரியம் அது. நோயாளியை அவர் ஜெயிக்கும் இடத்தில் நிறுத்துவதுதான் நம் வேலை."

எட்வின் மட்டும் வேண்டாம் என்றார். "இல்லை" என்ற சொல் அவருக்கு அப்போது நன்றாக வந்தது. கிளேர் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். "இல்லை. இல்லை. இல்லை." பிறகு தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "நான்" என்றார்.

"உங்களுக்கு வேறு ஏதாவது சொல்லவேண்டுமா?" என்று நான் கேட்டேன்.

"ஆமாம்."

என்ன என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு மதியம் பிடித்தது. நான் கேள்வி கேட்பேன், அவர் ஆமாம் இல்லை சொல்வார். மனைவியைப் பற்றியா? இல்லை. லண்டனைப் பற்றியா? இல்லை. தலையின் இடது பக்கத்தைத் தட்டினார். ஸ்ட்ரோக்கைப் பற்றியா? ஆமாம். அதைச் சொல்லிவிடவேண்டுமா? ஆமாம். பிறகு? கையை முன்னால் நீட்டி, திரை விழுவதுபோல இறக்கினார். இனி நடிக்கப் போவதில்லை என்றா? ஆமாம். கிளேர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்த கிளேர், "கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கிறேன் என்று சொல்லலாமே அப்பா" என்றார். இல்லை. நான் இரண்டு சீட்டுகளில் எழுதி வைத்தேன்: 'நடிக்க மாட்டேன்', 'நடிக்க முடியாது'. எட்வின் கொஞ்சமும் தயங்காமல் இரண்டாவதில் விரலை வைத்தார்.

"எல்லாரும் பரிதாபப்படுவார்கள்" என்றார் கிளேர். "கடைசியாக அவர்கள் அப்பாவைப் பார்ப்பது அப்படியா இருக்கவேண்டும்?"

எட்வின் மகளை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

ஆக மூன்று வரி. எனக்கு வந்தது ஸ்ட்ரோக். இனி என்னால் நடிக்க முடியாது. நன்றி. இந்த மாதிரி சிறு உரையைத் தயார்செய்ய எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் நானும் அவரும் சேர்ந்து, ஒரே நேரத்தில், மிக மெதுவாகச் சொல்வோம். ஒவ்வொரு அசைக்கும் அவர் இடது கையால் மேசையைத் தட்டுவார்; தாளம் சொல்லை இழுத்து வரும். சில நாள் கழித்து என் குரலைத் தாழ்த்துவேன். பிறகு குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பேன். பிறகு உதட்டையும் அசைக்காமல் அவர் முகத்தை மட்டும் பார்ப்பேன். கடைசியாக, பார்ப்பதையும் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு படியில் தவறினால் முந்தைய படிக்குத் திரும்பவேண்டும். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் வந்துவிட்டன. முதல் வரியில் 'ஸ்ட்ரோக்' வரவில்லை. மூன்று மெய்யெழுத்து சேர்ந்து நிற்கும் சொல் அது. நாக்கு நடுவிலேயே சிக்கும். சில நாள் வரும், பல நாள் வராது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சொல் வராமல் பதற்றம் கூடும்போது, வாய் தானாகவே அந்த அரசனின் பேச்சுக்குத் தாவிவிடும். அந்தப் பாதைதான் திறந்து கிடந்தது. ஆரம்பித்தால் அவரால் எளிதில் நிறுத்த முடியாது. ரூத் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு வெளியே என்னிடம் சொன்னார்: "மேடையில் இது உடையும், எஸ்தர். உனக்கும் தெரியும்."

"உடையலாம். அவருக்கும் தெரியும்" என்றேன்.

ரூத் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் நீயும் கூடப் போ. ஆஸ்பத்திரி வேலையாகவே போ. நான் சொல்லிக்கொள்கிறேன்."

விழா அன்று ஜெபராஜ்தான் எங்களை நியூயார்க்குக்கு டிரைவ் பண்ணினார். எட்வினும் கிளேரும் பின் ஸீட்டில். ஹாலண்ட் டன்னலில் டிராஃபிக்கில் நின்றபோது ஜெபராஜ் என்னிடம் தமிழில் கேட்டார்.

"நீ ஏன் இப்படித் தவிக்கிற? மேடை ஏறப் போறது அவரு."

"நான் சம்மதிச்சிருக்கக் கூடாதோன்னு தோணுதுங்க. இத்தனை பேர் முன்னாடி..."

"அவரு வேண்டாம்னு சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப பேசாம வா."

என்னை மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஹெட்செட் மாட்டிய பெண்மணி ஒருவர். மேடை நிர்வாகி. யாராவது அளவுக்கு மீறிப் பேசினால் வாத்தியக் குழுவுக்கு ஜாடை காட்டி இசையை வாசிக்கச் சொல்வது அவருடைய பொறுப்பு. எட்வினின் பெயரைச் சொன்னதும் சபை முழுவதும் எழுந்து நின்றது. அவர் தடி ஊன்றாமல் நடந்தார். வலது கையைக் கோட்டுப் பையில் போட்டிருந்தார். பார்ப்பவர்களுக்கு அது ஸ்டைலாகத் தெரிந்திருக்கும். விருதை ஒரு இளம் நடிகை மேசைமேல் வைத்துவிட்டு விலகினாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு..." என்றார் எட்வின். இடது கை மேசையைத் தட்டியது. "எனக்கு... வந்தது..."

நின்றுவிட்டார்.

சபை காத்திருந்தது. அவர் தலையை லேசாகச் சாய்த்துத் தேடினார். முகத்தில் தேடுவது அப்படியே தெரிந்தது. யாரோ ரசித்துச் சிரித்தார்கள். பிறகு கைதட்டல் தொடங்கிப் பரவியது. பெரிய நடிகரின் மௌனம் என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கியபோது எட்வினின் வாய் திறந்தது; அரசனின் பேச்சு வந்தது. முதல் வரி, இரண்டாம் வரி. அதே பெரிய குரல். சபை நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். முன்வரிசையில் கிளேர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

மூன்றாம் வரியின் நடுவில் எட்வின் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். குரல் விரல்களுக்குள் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"இல்லை" என்றார். "இது... இல்லை."

மேடை நிர்வாகி என் பக்கம் திரும்பினார். "அவருக்கு உடம்பு சரியில்லையா? இசையைத் தொடங்கட்டுமா?"

"வேண்டாம்."

"நேரம் தாண்டிவிட்டது."

"தயவுசெய்து. அவர் சொல்லி முடிக்கட்டும்."

அவர் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜாடை காட்டவில்லை.

எட்வின் மறுபடி மேசையைத் தட்டினார். "எனக்கு வந்தது... ஸ்... ஸ்ட்..." நிறுத்தினார். மூச்சு இழுத்தார். "ஸ்ட்ரோக்." அது உரக்க வந்தது, அவரே எதிர்பார்க்காத அளவுக்கு. "இனி... என்னால்... நடிக்க... முடியாது." பிறகு, வேகமாக, "நன்றி."

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எட்வின் விருதை எடுக்க மறந்து, திரும்பி என் பக்கம் நடந்து வந்தார். அவர் திரைக்குள் வந்த பிறகுதான் வெளியே கைதட்டல் எழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என் எதிரில் நின்று புருவத்தை உயர்த்தினார்.

"கேட்டது" என்றேன்.

அதன் பிறகு நடந்தது சாதாரணமானது. ஏஜென்ட் கொஞ்ச நாளில் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கிளேர் சில வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார். எட்வின் எங்கள் ஆஸ்பத்திரியின் அஃபேசியா குழுவுக்கு வரத் தொடங்கினார். அதில் ஒரு பிளம்பரும், மோட்டல் நடத்திய குஜராத்திப் பெண்மணி ஒருவரும், வேறு சிலரும் இருந்தார்கள். அங்கே அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கடையில் தன் காபியைத் தானே கேட்டு வாங்கும் அளவுக்கு வந்தார். அதற்கு மேல் பெரிதாக முன்னேற்றம் இல்லை. விழாவுக்குப் பின் வந்த மூன்றாம் குளிர்காலத்தில் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்து இறந்தார்.

பத்திரிகைகள் இரங்கல் எழுதின. எல்லாவற்றிலும் விருதுகளின் வரிசை இருந்தது: பதக்கம், வெண்கலச் சிலைகள், டாக்டர் பட்டம், கடைசியில் அந்த வாழ்நாள் சாதனை விருது. ஒரு பத்திரிகை அந்த மேடையைப் பற்றித் தனியாக எழுதியிருந்தது. தன் நோயையே அவர் ஒரு காட்சியாக மாற்றினார், நடுவில் பேச்சை அறுத்து நிறுத்திய விதம் அவருடைய நடிப்பின் உச்சம் என்று.

கிளேர் காலையிலேயே எனக்குப் போன் செய்தார். அழுதிருந்தார். "அதை நடிப்பு என்று எழுதியிருக்கிறார்கள், எஸ்தர். அது ஒன்றுதான் அப்பா நடிக்காதது."

அவர் அந்தப் பத்திரிகைக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அடுத்த வாரம் உள்பக்கத்தில், ஒரு தெருப்பெயரையும் யாரோ ஒருவரின் வயதையும் சரிசெய்த திருத்தங்களுக்குக் கீழே, இரண்டு வரி வந்தது: காலமான நடிகர் விருது விழாவில் பேசியது நடிப்பின் பகுதி அல்ல, அது அவருடைய சொந்தப் பேச்சு.